சிரானோ தெ பெர்ஜராக்: எந்தக் காட்சி இன்னும் உங்களை விடவில்லை?

கடைசி வரிசை:
1990-இல் ராப்பனோ எடுத்த பிரெஞ்சுப் படத்தைத்தான் சொல்கிறேன், தெபார்தியூ சிரானோவாக நடித்தது. நாடக அரங்கில் நடக்கும் அந்த வாட்சண்டை! பெரிய மூக்குக்காரனான சிரானோ வாளைச் சுழற்றிக்கொண்டே கவிதை கட்டுகிறான். கடைசி அடி முடியும்போது குத்துவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சொன்னபடியே குத்துகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அதற்குப் பிறகு வருவது. கூட்டம் கலைந்ததும் நண்பன் லெ ப்ரேயிடம், ரொக்சானைக் காதலிப்பதை ஒப்புக்கொள்கிறான். தெபார்தியூவின் குரல் அங்கே அப்படியே இறங்கிவிடுகிறது. நூறு பேரை ஒற்றை ஆளாக எதிர்க்கக் கிளம்புகிறவன், தன் மூக்கின் நிழலைச் சுவரில் பார்க்கப் பயப்படுகிறான்.

மழைப்பாட்டு:
எல்லோரும் வாட்சண்டையோடு நின்றுவிடுகிறீர்கள். எனக்குப் பால்கனிக் காட்சிதான். ரொக்சானைக் காதலிக்கும் இன்னொருவன் கிறிஸ்தியான், அழகன், ஆனால் பேசத் தெரியாதவன். அவனுக்காக இருட்டில் நின்று சிரானோ பேசுகிறான், மேலே ஏறி முத்தம் பெறுகிறவன் கிறிஸ்தியான். நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெண்ணை ஏமாற்றுகிறார்கள், இதற்கு நீ அழுகிறாயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

பழைய படச்சுருள்:
மழைப்பாட்டு, அக்காவின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் பாதியில் எழுந்திருக்கக் கூடாது. எனக்கு மறக்காதது முடிவில் வரும் கடிதக் காட்சி. கிறிஸ்தியான் பெயரில் ரொக்சானுக்குப் போன கடிதம், உண்மையில் எழுதியவன் சிரானோ. பொழுது சாய்ந்துவிட்டது, எழுத்து தெரிய வழியில்லை, சிரானோ வாசித்துக்கொண்டே போகிறான். அத்தனையும் அவனுக்கு மனப்பாடம் என்று ரொக்சானுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்று. ஹொசே ஃபெரர் ஆஸ்கர் வாங்கிய 1950-ஆம் ஆண்டுப் படத்தைப் பிறகு பாருங்கள், முதலில் இதையே பாருங்கள். இந்தப் படத்துக்கு மூலமான, ரொஸ்தான் 1897-இல் எழுதிய நாடகம் முழுக்கச் செய்யுள். ராப்பனோவும் அவரோடு திரைக்கதை எழுதிய கரியேரும் அதைச் சுருக்கினார்களே தவிர, செய்யுளை உரைநடையாக்கவில்லை. ஆகவே பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒலியை நன்றாகக் கூட்டி வைத்துக் கேளுங்கள், சந்தம் காதில் விழும். சிரானோவும் கிறிஸ்தியானும் போருக்குப் போகும் அராஸ் நகர முற்றுகையை வெறும் போர்க்காட்சி என்று ஓட்டிவிடவே கூடாது. கடிதம் அனுப்புவதற்காகச் சிரானோ தினமும் எதிரி வரிசையைக் கடந்து போய்வருவது அங்கேதான். இனி அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று கிறிஸ்தியானே அவனை நெருக்குவதும் அங்கேதான். அக்கா கேட்ட கேள்வியை அந்த இளைஞனே கேட்டுவிடுகிறான். அந்த இடம் வரைக்குமாவது அவரை உட்கார வையுங்கள்.