வாக்குத்தத்த அட்டையை நம்பித் தோட்டத்தை விற்கலாமா?

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, அப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தை விற்று, பிள்ளைகளின் படிப்புக்காகச் சேலத்தில் வீடு வாங்குவதா என்று பல மாதங்களாக ஜெபித்து வருகிறேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், புத்தாண்டுக்குத் தேவன் தரும் வசனம் என்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எனக்கு வந்ததில், "இந்த மலைநாட்டைச் சுற்றித்திரிந்தது போதும்" என்ற உபாகமம் 2:3 இருந்தது. பொங்கலுக்குள் தரகர் ஒருவர் தாமாக வந்து கேட்டால் விற்றுவிடுவேன் என்று வேதத்தில் கிதியோன் தேவனிடம் கேட்டதைப் போல அடையாளமும் கேட்டிருந்தேன். ஜனவரி 3 அன்றே ஒருவர் வந்து நின்றார். இதைத் தேவசித்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

அஸ்தம்பட்டி:
வசனமும் வந்து, கேட்ட அடையாளமும் நடந்த பிறகு இன்னும் தயங்குவது அவிசுவாசம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்த பவுலை ஆவியானவர் தடுத்து, துரோவாவில் இரவில் கண்ட தரிசனத்தால் மக்கெதோனியாவுக்குத் திருப்பினார் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அன்று நடத்தியவர் இன்று ஓர் அட்டையைக் கொண்டு நடத்தமாட்டாரா?

செவ்வாய்ப்பேட்டை:
சகோதரரே, அட்டையில் அச்சிடாமல் விட்ட மீதி வசனத்தையும் வேதத்தைத் திறந்து படியுங்கள்: "வடக்கே திரும்புங்கள்." ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு வருகிறவர் தெற்கே அல்லவா வருகிறார்? அந்த வசனத்தைக் கைகாட்டிப் பலகையாக்கினால் நீங்கள் அரூர்ப் பக்கம்தான் வீடு தேட வேண்டும். கேலிக்காகச் சொல்லவில்லை, சேயீர் மலைநாட்டைச் சுற்றி அலைந்த இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது, உங்கள் பட்டாவைப் பற்றிய தீர்ப்பாக எப்படி மாறும்?

கிதியோன் கதையும் உங்களுக்குத் துணை நிற்காது. தான் செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டது அவனுடைய தயக்கத்தால்தான். அவன் கேட்டதும் இயல்பாக நடக்கக்கூடியதன்று: ஒரு நாள் இரவுப் பனியில் தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும், மறுநாள் அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் நிலத்துக்குத் தரகர் வருவதோ காலையில் பனி இறங்குவதைப் போன்றது. வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன் நான். கட்டியின் தரம் பார்க்காமல் கொலுசுக்கு உருக்க மாட்டோம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் சீட்டுப் போட்டார்கள் என்பது உண்மை, ஆனால் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் அவர்கள் சீட்டுப் போட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்று எருசலேமில் வந்த பெரிய வழக்கைக்கூட உட்கார்ந்து வாதாடித் தீர்த்துவிட்டுத்தான், "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள்.

அஸ்தம்பட்டி:
சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்ற நீதிமொழிகள் 16:33 உங்கள் வேதத்தில் இல்லையா, ஐயா? படித்தவர்கள் யோசித்து எடுக்கும் முடிவுக்குத் தேவசித்தம் என்று பெயர். என் அம்மாவைப் போல எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயரா?

ஏரிக்கரை (ஏற்காடு):
நான் கத்தோலிக்கன், அட்டை எடுக்கும் வழக்கம் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. 1548இல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தரும் ஓர் அறிவுரையை மட்டும் சொல்கிறேன்: மனம் வறண்டு கலங்கியிருக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே. எனவே, விற்கும் எண்ணம் உங்களுக்கு முதலில் எந்த நாளில் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவரே. ஆனாலும் போக வேண்டும் என்று "நாங்கள்" நிச்சயித்துக்கொண்டோம் என்றுதான் அந்த அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதுகிறார். உங்கள் பதிவில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

காப்பித்தோட்டம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். போன ஆண்டு கோடை மழை பொய்த்து, செடிகளில் பூ சரியாகப் பிடிக்காமல் போன வாரத்தில்தான் அந்த எண்ணம் முதலில் வந்தது. மனைவியிடம் நேற்றிரவு கேட்டேன். அவள் தன் வேதாகமத்தின் உறையிலிருந்து அதே ஆராதனையில் எடுத்த தன் அட்டையை எடுத்துக் காட்டினாள். "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்ற ஏசாயா 30:15. வீடு திரும்பும் வழியெல்லாம் நான் என் அட்டையையே உரக்கப் படித்துக்கொண்டு வந்ததால் தன்னுடையதைக் காட்டவில்லையாம். பழம் பறிப்பு முடிந்து கூலியும் உரச் செலவும் கணக்குப் பார்க்கும்வரை பொறுக்கும்படி தரகரிடம் சொல்லிவிட்டேன்.

அஸ்தம்பட்டி:
இரண்டு அட்டைகளும் முரண்படுகின்றன என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது அட்டை முதல் அட்டைக்குக் காலம் குறிக்கிறது என்பதே என் எண்ணம். ஜெபித்துக்கொள்கிறேன், சகோதரரே.

செவ்வாய்ப்பேட்டை:
நானும் ஜெபிக்கிறேன். அதற்கிடையே, நீங்கள் வாங்க நினைக்கும் சேலத்து வீட்டுக்கு முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள்.