மூன்று விலைப்பட்டியல்கள், ஒரு கணினி: எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த என் மகள் கோலாலம்பூரில் உள்ள ஒரு கல்லூரியில் மென்பொருள் துறை டிப்ளோமாவில் சேரவிருக்கிறாள். அவளுக்குக் கணினி வாங்க 2,500 ரிங்கிட் வரை ஒதுக்கியிருக்கிறேன். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மூன்று கடைகளில் விசாரித்து விலைப்பட்டியல்களை வாங்கி வந்தேன். ஒவ்வொரு கடைக்காரரும் தம்முடையதே சிறந்தது என்கிறார். அவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே கீழே தருகிறேன்.

முதலாவது, புதுப்பிக்கப்பட்ட மேசைக்கணினி: இன்டெல் கோர் ஐ7-4770, 3.4 கிகாஹெர்ட்ஸ், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, திரையுடன் 1,250 ரிங்கிட். இரண்டாவது, புதிய மடிக்கணினி: ஏஎம்டி ரைசன் 5 7520யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2,050 ரிங்கிட். மூன்றாவது, கடையிலேயே பொருத்தித் தரும் மேசைக்கணினி: இன்டெல் கோர் ஐ5-12400எஃப், 2.5 கிகாஹெர்ட்ஸ், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் பவர் சப்ளை, திரையுடன் 2,480 ரிங்கிட்.

ஐ7 என்பது ஐ5-ஐ விட உயர்ந்தது என்றும், 3.4 என்பது 2.5-ஐ விட வேகமானது என்றும்தான் இதுவரை எண்ணியிருந்தேன். அப்படியானால் இவ்விரண்டிலும் உயர்ந்த எண்களைக் கொண்ட முதல் கணினி ஏன் பாதி விலைக்குக் கிடைக்கிறது? வகுப்புக் குறிப்புகளுக்கு வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. நிரல் எழுதும் வேலைக்குத்தான் புதியது தேவை.

பாயான் லெப்பாஸ்:

வணக்கம் ஐயா. பினாங்கில் சில்லுகளைச் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். நீங்கள் விலைப்பட்டியலில் கணினியின் மூளையான செயலியின் (ஐ7-4770 போன்ற) முழு எண்ணையும் எழுதி வாங்கி வந்தது மிக நல்ல காரியம். பலர் 'கோர் ஐ7' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் சொல்ல இயலாது. 'சாகா' கார் என்று சொன்னால் அது 1985-இல் வந்த புரோட்டோனா, சென்ற ஆண்டு வாங்கியதா என்று தெரியாதல்லவா? 2008 முதல் வழங்கி வரும் 'கோர் ஐ7' என்ற பெயரும் அத்தகையதே. பெயருக்குப் பின்னால் வரும் எண்தான் காலத்தைச் சொல்லும். 4770 என்பதில் முதல் இலக்கமான 4 நான்காம் தலைமுறையைக் குறிக்கிறது. அச்செயலி 2013-இல் வெளிவந்தது. 12400 என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் பன்னிரண்டாம் தலைமுறையைக் குறிக்கின்றன. அதன் ஆண்டு 2022. இடையில் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன.

கிகாஹெர்ட்ஸ் என்பது செயலியின் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. புதிய தலைமுறைச் செயலிகள் ஒரே துடிப்பில் கூடுதல் வேலையை முடிக்கின்றன. மேலும், 2.5 என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தது அடிப்படை வேகம்; வேலை மிகும்போது ஐ5-12400எஃப் 4.4 வரை உயரும், ஐ7-4770 3.9-க்கு மேல் போகாது. தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான கருக்கள் (கோர்கள்) முன்னதில் ஆறு உள்ளன, பின்னதில் நான்குதான். எனவே இந்த ஐ5 அந்த ஐ7-ஐ எல்லா வகையிலும் மிஞ்சுகிறது.

விண்டோஸ் 11 குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கென ஏற்றுக்கொண்டுள்ள இன்டெல் செயலிகள் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் வேண்டும். நான்காம் தலைமுறைக் கணினியில் விண்டோஸ் 11 ஓடுகிறதென்றால், அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழியில் அதை நிறுவியிருக்கிறார்கள் என்றே பொருள். பின்னாளில் ஒரு பெரிய புதுப்பிப்பு வரும்போது அது நின்றுபோகலாம். விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றாலும், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. படிக்கும் பிள்ளைக்கு இதை வாங்கித் தர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மூன்றாவது பட்டியலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. எண்ணின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அச்செயலியில் உள்ளமைந்த வரைகலைப் பகுதி இயங்காது. திரையில் படம் வருவதற்கே தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்காகத்தான் 2014-இல் வெளிவந்த ஜிடி 730-ஐச் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டுக்கும் பயனில்லாத, நிரல் எழுதவும் தேவையில்லாத அந்தக் கார்டுக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். 'எஃப்' இல்லாத ஐ5-12400-ஐக் கேளுங்கள். அதில் உள்ளமைந்த வரைகலை இருக்கிறது, கார்டே வேண்டாம். மிஞ்சும் பணத்தை நல்ல பவர் சப்ளைக்குச் செலவிடலாம்.

பிறை விரிவுரையாளர்:

முந்தைய பதிலை முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் மேசைக்கணினிதான் வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். நான் கற்பிக்கும் மாணவர்கள் குழுவாகச் செய்யும் திட்டப்பணிகளை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்துதான் முடிக்கிறார்கள். அங்கே வீட்டிலுள்ள கணினியால் பயனில்லை. கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தில் சொந்த மடிக்கணினி கட்டாயமா என்று ஒருமுறை பாருங்கள்.

மடிக்கணினி என்றாலும் உங்கள் இரண்டாவது பட்டியலில் உள்ளதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏஎம்டியின் 7000 வரிசை மடிக்கணினிச் செயலிகளில், நான்கு இலக்கங்களுள் மூன்றாவதுதான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது. 7520யு என்பதில் அது 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஸென் 2 கட்டமைப்பு, நான்கு கருக்கள். 7530யு என்பதில் அது 3. ஸென் 3 கட்டமைப்பு, ஆறு கருக்கள். எண்ணில் பத்துதான் வேறுபாடு, திறனில் வேறுபாடு பெரிது. அதைவிட முக்கியமானது, 7520யு ஏற்கும் எல்பிடிடிஆர்5 வகை ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. இன்று 8 ஜிபி வாங்கினால் அந்தக் கணினியின் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். கைபேசி ஆப்களை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், கைபேசியைத் திரையில் போலச் செய்து காட்டும் அதன் எமுலேட்டரையும் திறந்துவைத்து, பக்கத்தில் உலாவியில் பத்துப் பக்கங்களை வைத்திருக்கும் மாணவிக்கு 8 ஜிபி போதாது. 16 ஜிபி வேண்டும். அல்லது ரேமைப் பின்னர் கூட்டுவதற்குக் காலியான இடமாவது வேண்டும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

செந்தூல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். செய்முறை வகுப்புகளும் தேர்வுகளும் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலேயே நடக்கும் என்றும், சொந்த மடிக்கணினி கட்டாயமில்லை என்றும் இருக்கிறது. குழுப்பணிக்குப் பழைய மடிக்கணினியை அவளே வைத்துக்கொள்ளட்டும். ஆகவே 'எஃப்' இல்லாத ஐ5-12400 மேசைக்கணினியையே நாடுகிறேன். ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை மூன்றுக்கும் பட்டியலில் அளவு மட்டுமே இருக்கிறது, வேறு விவரம் இல்லை. அவற்றில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பாயான் லெப்பாஸ்:

ரேம் ஒரே 16 ஜிபி பட்டையாக வருகிறதா, இரண்டு 8 ஜிபி பட்டைகளாக வருகிறதா என்று கேளுங்கள். டிடிஆர்4-3200 பட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கடத்தும். இரண்டு பட்டைகள் இரு தடங்களில் சேர்ந்து இயங்கினால் 51.2 ஜிபி. தனிக் கார்டு இல்லாத கணினியில் வரைகலைப் பகுதியும் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால் இரண்டு பட்டைகளே நல்லது. ஆனால் மலிவான மதர்போர்டுகளில் பலவற்றில் ரேமுக்கு இரண்டே இடங்கள்தான் உண்டு. பின்னாளில் 32 ஜிபிக்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால் நான்கு இடங்கள் உள்ள போர்டைக் கேளுங்கள், அல்லது இப்போது ஒரு பட்டையோடு தொடங்குங்கள். உங்கள் மகளின் படிப்புக்கு நான் இரண்டு பட்டைகளையே தேர்வு செய்வேன்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, 'எம்.2' என்பது அதன் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. அந்த வடிவத்திலேயே நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும் சாட்டா வகையும் உண்டு, 3,000 எம்பியைத் தாண்டும் என்விஎம்இ வகையும் உண்டு. 'என்விஎம்இ' என்ற சொல்லும் தயாரிப்பாளரின் பெயரும் மாடல் எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் கலங்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்காகக் கணக்கிடுவதை விண்டோஸ் 1,024-இன் அடுக்காகக் கணக்கிடுகிறது.

பவர் சப்ளையில் வாட் அளவைவிடத் தரம்தான் முக்கியம். தனிக் கார்டு இல்லாத உங்கள் கணினிக்கு 500 வாட்டில் பாதிகூடத் தேவைப்படாது. '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்கான சான்றே தவிர, பாதுகாப்புக்கான சான்றன்று. ஆகவே முத்திரையோடு தயாரிப்பாளரின் பெயரையும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் பாருங்கள். பெயரற்ற பவர் சப்ளை பழுதாகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். பிற்பகலில் இடியும் மின்னலும் அடிக்கடி வரும் கிள்ளான் பள்ளத்தாக்கில், மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

பிறை விரிவுரையாளர்:

பணம் செலுத்தும் முன், இங்கே பேசிய எல்லா மாடல் எண்களையும் விலைச்சீட்டில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் அதன் விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும். விவரிப்பு 'ஐ5, 16 ஜிபி' என்று மட்டும் இருந்தால் எந்த ஐ5-ஐத் தந்தாலும் அது ஒத்துப்போய்விடும். எண்கள் சீட்டில் இருந்தால், தகராறு வரும்போது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் தருவது தயாரிப்பாளரா, கடைக்காரர் மட்டுமா என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கணினியைப் பொருத்தி முடித்ததும் கடையிலேயே இயக்கி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்துக்குச் செல்லுங்கள். செயலியின் முழுப் பெயரும், ரேமின் வேகமும், எத்தனை இடங்களில் பட்டை பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும், எஸ்எஸ்டியின் மாடல் எண்ணும் அங்கே தெரியும். மகளையும் உடன் அழைத்துச் சென்று, சீட்டை அவள் கையில் கொடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.