மறு: சாயில் அக்ரிகேட்டுக்கு என்ன சொல்? திரள், குருணை, மணி

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இயற்கைத் தோட்டக் கையேட்டை மொழிபெயர்ப்பவர் கேட்டது ‘சாயில் அக்ரிகேட்’டுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல். நாம் ஏழெட்டைக் கொடுத்து அவரைக் குழப்பிவிட்டோம். என் பங்குக்கு இன்னொன்று.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நல்ல தோட்ட மண்ணை ஒரு பிடி எடுத்து லேசாக அழுத்தி விட்டால் அது மாவாக உதிராது, கட்டியாகவும் நிற்காது. கடுகளவும் மிளகளவுமாகச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரியும். அந்த உருண்டைதான் அக்ரிகேட். களித்துகள் 0.002 மி.மீட்டரைவிடச் சிறியது. அவ்வளவு நுண்ணிய துகள்கள் தனித்தனியே கிடந்தால் ஒரு மழைக்கே அடைந்து இறுகிவிடும். வேர் கசியும் பிசினும், பாக்டீரியா விடும் கோழையும், பூஞ்சை இழையும், மட்கும் சேர்ந்து அவற்றை ஒட்டிப் பிடிக்கின்றன. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் உள்ள இடுக்குகளில் காற்றும் நீரும் போகின்றன, வேர் இறங்குகிறது.

1982இல் டிஸ்டால், ஓட்ஸ் என்ற மண்ணியல் ஆய்வாளர்கள் இதைப் படிநிலையாக விளக்கினார்கள். 0.25 மி.மீட்டருக்குக் கீழ் உள்ள உருண்டைகளை மட்கு நெடுங்காலம் பிடித்து வைக்கும். அதற்கு மேல் உள்ளவற்றை வேரும் பூஞ்சை இழையும் வலை போலக் கட்டி வைக்கும், அந்தக் கட்டு தற்காலிகமானது. மண்வெட்டி பட்டதும் முதலில் அறுவது அந்த வலைதான். ஆக, நமக்கு வேண்டிய சொல் ‘சேர்ந்து உருவானது’ என்ற பொருளைத் தர வேண்டும்.

> மண்திரள் என்று வைத்தால் போதாதா?

பிழை இல்லை. ஆனால் ‘திரள்’ என்றதும் எனக்குக் கூட்டமும் குவியலும்தான் நினைவுக்கு வருகின்றன. விரல் நுனியில் நிற்கும் ஒன்றை அது காட்டவில்லை. கட்டுமானத்தில் அக்ரிகேட் என்றால் ஜல்லி என்பதால், அந்தத் துறை நண்பர் விளையாட்டாக முன்வைத்த ‘ஜல்லி’யை விட்டுவிடுவோம். செடி நடும் முன் பாத்தியில் ஜல்லி கொட்டுபவர் யாராவது இருந்துவிடப் போகிறார்.

> குருணை எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். குருணை உடைந்து உண்டாவது. நம் உருண்டையோ ஒட்டி உண்டாவது. தவிர, குருணை மருந்து என்று பூச்சிக்கொல்லிக்கே அந்தப் பெயர் போய்விட்டது. இயற்கை வேளாண்மைக் கையேட்டில் ‘மண்ணில் குருணை பெருக வேண்டும்’ என்று அச்சானால் எப்படி இருக்கும்!

> கட்டி என்றே சொல்லலாமே.

வேண்டவே வேண்டாம். ஒருமுறை மழை விட்ட கையோடு அவசரப்பட்டு என் பாத்தியைக் கொத்தினேன். காய்ந்த பிறகு ஒவ்வொன்றும் செங்கல் துண்டு மாதிரி கிடந்தது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே வழிந்து ஓடியது. மண்கட்டி என்பது அது. கெட்டுப்போன மண்ணுக்கு உரிய பெயரை நல்ல மண்ணுக்கு வைக்கக் கூடாது.

‘புழுதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குறள் 1037இல் வரும் ‘தொடிப்புழுதி’ உழுது காயவிட்ட மண்தான். ஆனால் இன்று புழுதி என்றால் காற்றில் பறக்கும் தூசி. நம் உருண்டை உடைந்தால் மிஞ்சுவது அதுதான்.

என் பரிந்துரை: மண்மணி. நெல்மணி, கோதுமைமணி வழியில் வந்தது; அளவும் வடிவும் சொல்லிலேயே இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு. கதிர் ‘மணி பிடிக்கிறது’ என்கிறோம். அதையே மண்ணுக்கும் சொல்லலாம்: ‘மூடாக்குப் போட்டுக் கொத்தாமல் விட்ட பாத்தியில் மண் மணி பிடிக்கும்.’ விளக்கமே தேவைப்படாத வாக்கியம். நீரில் கரையாமல் நிற்கும் தன்மைக்கு ‘மணியுறுதி’ என்று நீட்டிக்கொள்ளலாம். மழைத்துளி அடித்து மணி சிதைந்து மேலே படியும் ஓட்டுக்கு ‘பொருக்கு’ ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். மணல்மணி என்று ஒற்றை மணல் துகளையும் சிலர் எழுதுகிறார்கள். அதனால் கையேடு முழுவதும் தனித்ததற்குத் ‘துகள்’, சேர்ந்ததற்கு ‘மணி’ என்று கறாராகப் பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம்தான்.

சொல் நிற்குமா என்று பார்க்க, கையேட்டின் சோதனைப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“இலைச்சருகு மூடிய, கொத்தாத மூலையிலிருந்து நாலைந்து மண்மணிகளை எடுத்துக் காயவிடுங்கள். அடிக்கடி கொத்தும் பாத்தியிலிருந்தும் அதே அளவு எடுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் நிரப்பி மெதுவாகப் போடுங்கள். மணியுறுதி உள்ளவை குமிழி விட்டபடி உருக் குலையாமல் கிடக்கும். மற்றவை சட்டென நொறுங்கி நீர் கலங்கும்.”

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் இடறுகிறது என்று எழுதுங்கள்.

அப்புறம், மண் விதைக்கவும் நடவும் ஏற்ற பதத்தில் இருப்பதைக் குறிக்கும் ‘டில்த்’துக்கும் மொழிபெயர்ப்பாளர் சொல் கேட்டிருந்தார். மண்ணின் ‘பொலபொலப்பு’ என்றே எழுதிவிடலாம். அதற்குத் தனி இழை வேண்டாம்.