வாட்டர்லூ: வெலிங்டன் படையை மறைத்த மேடு எங்கே போனது?

செங்காந்தள் (கேள்வி)

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு நாள் வாட்டர்லூ போய்வரத் திட்டம். 1815 ஜூன் 18 அன்று, நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஒரு மேட்டுக்குப் பின்னால் படையை மறைத்து நிறுத்தினார் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. படங்களில் பார்த்தால் சிங்கக் குன்றைச் சுற்றி ஏறக்குறைய சமதரை. அத்தனை ஆயிரம் பேர் எங்கே மறைந்தார்கள்? எங்கே நின்று பார்த்தால் விளங்கும்? இன்னொன்று: இதே போருக்குப் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் வேறு பெயர் வைத்திருந்தார்களாமே, ஏன்?

மேட்டுநிலம்

அந்த மேட்டை வெட்டித்தான் சிங்கக் குன்றையே கட்டினார்கள். வெலிங்டன் பக்கம் போரிட்ட ஆரஞ்சு இளவரசர் தோளில் குண்டடி பட்ட இடம் என்று கருதப்பட்ட இடத்தில், அவருடைய தந்தையான நெதர்லாந்து அரசர் முதலாம் வில்லியம் 1820 முதல் 1826 வரை எழுப்பிய நினைவுச்சின்னம் அது. உயரம் 40 மீட்டருக்கு மேல். 226 படி. உச்சியில் 28 டன் வார்ப்பிரும்புச் சிங்கம். இதற்கு வேண்டிய சுமார் 3 லட்சம் கன மீட்டர் மண்ணை வெளியூரிலிருந்தா கொண்டுவந்தார்கள்? வெலிங்டனின் நடு அணி நின்ற மேட்டின் முதுகையே சுரண்டிக் குவித்தார்கள். இருபுறமும் கரை உயர்ந்து, பள்ளமாக ஓடிய ஓயன் சாலையின் கரைகளும் அந்தப் பகுதியில் அதோடு போயின. போரை நினைவில் வைக்கக் கட்டிய சின்னம், போரைத் தீர்மானித்த நிலத்தையே விழுங்கிவிட்டது. எனக்கு இது தீராத வருத்தம்.

எவ்வளவு மண் போயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கலாம். சார்ல்ரவா சாலையும் ஓயன் சாலையும் சந்திக்கும் நாற்சந்திக்குப் பக்கத்தில், வெலிங்டனின் உதவி அதிகாரி அலெக்சாண்டர் கோர்டனுக்கு வைத்த நினைவுத்தூண் இருக்கிறது. குன்று வருவதற்கு முன்பே வைத்த தூண். அன்று அது நின்றது தரைமட்டத்தில். இன்று படியேறித்தான் அதனிடம் போக வேண்டும். தூண் உயரவில்லை, சுற்றியிருந்த நிலம்தான் கீழே இறங்கிவிட்டது. அந்தப் படிகளின் அடியில் நின்று தலைக்கு மேலே பாருங்கள். 1815இன் தரை அங்கேதான் இருந்தது.

பிறகு நாற்சந்தியிலிருந்து ஓயன் சாலையில் கிழக்கே நடங்கள். அந்தப் பக்கம் மண் அவ்வளவு எடுக்கவில்லை. சாலையிலிருந்து வடக்கே நூறு மீட்டர் இறங்கித் திரும்பினால் தெற்கே ஒன்றும் தெரியாது. மறைத்தது அப்படித்தான். மேட்டு விளிம்பில் பீரங்கிகளும் சிதறி நின்று சுடும் வீரர்களும் மட்டும், காலாட்படை பின்சரிவில். எதிரே சுமார் 80 பீரங்கிகள் சுட்டபோது பல இடங்களில் ஆட்களைப் படுக்க வைத்தார்கள்.

ஈரமண்

மேலே சொன்னதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 17ஆம் தேதி மாலையும் இரவும் கொட்டித் தீர்த்தது. அந்தக் காலப் பீரங்கிக்குண்டு பெரும்பாலும் வெடிக்காத இரும்பு உருண்டை. காய்ந்த தரையில் பட்டு எழும்பி எழும்பிப் போகும், போகிற வழியில் வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்க்கும். சேற்றில் விழுந்தால் அங்கேயே புதைந்துவிடும். நெப்போலியன் காலை 11:30 வரை தாமதித்ததற்கு இது ஒரு காரணம். படை முழுதும் வந்து சேராததும் இன்னொரு காரணம். தாமதத்தால் லாபம், வெலிங்டனோடு கூட்டுச் சேர்ந்த பிரஷ்ய (ஜெர்மன்) தளபதி பிளூக்கருக்கு: மாலை நாலரை வாக்கில் பிரஷ்யப் படை காட்டிலிருந்து வெளிப்பட்டுவிட்டது.

குதிரைப்படைத் தாக்குதலிலும் சின்ன விஷயம் ஒன்று பெரிதாகப் போயிற்று. மாலை 4 மணிக்கு மேல் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே ஏறக்குறைய 9,000 குதிரைவீரர்களை அலையலையாக மேட்டின் மேல் ஏவினார். ஒவ்வொரு முறையும் ஆங்கிலேயப் பீரங்கிகள் பிரெஞ்சுக் கைக்கு வந்தன. பற்றவைக்கும் துளையில் தலையில்லாத ஆணியை அறைந்திருந்தால் அவை அன்றைக்குச் சுட்டிருக்காது. அதைச் செய்யவில்லை. பீரங்கிக்காரர்கள் ஓடிப்போய், காலாட்படை நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் சதுர வியூகத்துக்குள் ஒதுங்குவார்கள். குதிரைகள் பின்வாங்கியதும் ஓடிவந்து மறுபடி சுடுவார்கள். முன்வரிசை மண்டியிட்டுத் துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டியிருந்தால் எந்தக் குதிரையும் அதன்மேல் பாயாது. காலாட்படையும் பீரங்கியும் கூடவே வராத குதிரைப்படை சதுரத்தை உடைப்பது அரிது.

லா ஹே சாந்த் பண்ணையையும் பாருங்கள். சாலையோரமே இருக்கிறது, தனியார் பண்ணை, உள்ளே விட மாட்டார்கள். மேஜர் பாரிங்கின் கீழ் ஏறத்தாழ 400 ஜெர்மன் வீரர்கள் அதைக் காத்தார்கள். முந்தைய இரவு மழையில் நனைந்தவர்கள் களஞ்சியக் கதவை விறகாக எரித்துவிட்டதால், மறுநாள் திறந்த வாசலை ஆட்களே அடைக்க வேண்டியதாயிற்று. கையிலிருந்தது ரைஃபிள், சாதாரண மஸ்கட் தோட்டா அதற்குப் பெரிது. தோட்டா கேட்டுப் பலமுறை ஆள் அனுப்பியும் வரவில்லை. மாலை 6 மணி தாண்டிப் பண்ணை விழுந்தது.

பழஞ்சுவடி

பெயர் விஷயம். வெலிங்டன் வெற்றி அறிக்கையை எழுதியது தாம் தங்கியிருந்த வாட்டர்லூ ஊரிலிருந்து. அந்த ஊர் களத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி. சண்டை அங்கே நடக்கவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் மேட்டையொட்டிய சிற்றூரின் பெயரால் மோன்-சேன்-ஜான் என்றார்கள். இரவு வெலிங்டனைச் சந்தித்த விடுதியின் பெயரான 'பெல் அலியான்ஸ்' என்பதையே பிளூக்கர் விரும்பினார். 'அழகிய கூட்டணி' என்று பொருள். இரண்டு படை சேர்ந்து ஜெயித்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? பெர்லினில் பெல் அலியான்ஸ் சதுக்கம் 1947 வரை அந்தப் பெயரில் இருந்தது, இப்போது மேரிங் சதுக்கம்.

நினைவு இன்னும் ஆறவில்லை. 2015இல் பெல்ஜியம் இருநூறாவது ஆண்டுக்கு 2 யூரோ நாணயம் வெளியிட முயன்றபோது பிரான்ஸ் எதிர்த்தது. பெல்ஜியம் பின்வாங்கி, தன் நாட்டுக்குள் மட்டும் செல்லும் இரண்டரை யூரோ நாணயம் அடித்தது.

இறந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் புதைத்த களத்தில் எலும்புக்கூடுகள் கிடைப்பது மிக அரிது. 2022இல் வில்கின், ஷேஃபர், போலார்ட் ஆகிய ஆய்வாளர்கள் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: 1830களுக்குப் பிறகு பீட்ரூட் சர்க்கரை ஆலைகளுக்காகப் புதைகுழிகளைத் தோண்டியிருக்கிறார்கள். எலும்பைக் காற்றுப்படாமல் சுட்டால் கரியாகும். பழுப்புப் பாகை அதில் வடிகட்டினால் நிறம் போய் வெளுக்கும். இதைப் படித்துவிட்டு அந்த வயல்களில் நடப்பது வேறு மாதிரி இருக்கும்.

செங்காந்தள்

மூவருக்கும் மிக்க நன்றி. ரயிலில் வாட்டர்லூ நிலையத்தில்தானே இறங்க வேண்டும்?

மேட்டுநிலம்

பலரும் செய்கிற தவறு அது. களத்துக்குக் கிட்டத்து நிலையம் பிரேன்-லாலூ. வாட்டர்லூவில் இறங்கினால் வெலிங்டன் தங்கிய விடுதி அருங்காட்சியகமாக இருக்கிறது, அதோடு சரி. களம் தெற்கே தள்ளி. முதலில் குன்றின் மேல் ஏறித் திசை பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு கீழே நடங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும்.

நேரம் மிஞ்சினால் ஊகுமோன் பண்ணை, அங்கே உள்ள சிற்றாலயம். போரின்போது பற்றிய தீ அங்கிருந்த சிலுவையின் காலடிவரை வந்து நின்றது. மரத்தாலான இயேசுவின் பாதம் கருகியிருப்பதைப் பாருங்கள். பிளான்செனுவாவையும் விடாதீர்கள். பிரஷ்யர்கள் வீடுவீடாகச் சண்டையிட்ட ஊர், அவர்களுடைய இரும்பு நினைவுச்சின்னமும் அங்கேதான்.