களுவாஞ்சிக்குடி–அம்பாறை தினப் பயணத்துக்குச் சின்னக் கார்: விற்ஸா, வேகன் ஆரா, அக்வாவா?

பட்டிருப்பு எழுதியது:

வணக்கம். வீடு களுவாஞ்சிக்குடி, வேலை அம்பாறை டவுன். கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாத்தான் தினமும் போய்வரணும். ஊர்ச்சோலியும் சேர்த்தா மாதம் 1,500 கிலோமீற்றருக்குக் குறையாது. வீட்டில நாங்க அஞ்சு பேர்: நான், மனுசி, ரெண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், தாழ்ந்த சீற்றில ஏறி இறங்கக் கஷ்டம். இடைக்கிடை மகியங்கனைப் பக்கத்தால கண்டிக்கும் போறது.

2014க்குப் பிந்திய ரொயோட்டா விற்ஸ், சுசுகி வேகன் ஆர், ரொயோட்டா அக்வா (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட்) மூன்றையும் பார்க்கிறேன். ஓட்டோ கியர்தான் வேணும். பெற்றோல் மிச்சமா ஓடணும், கராஜில கொண்டுபோய்க் கட்டிவைக்கிற வண்டியா இருக்கக் கூடாது. இறக்குமதி திறந்ததால புதுசுக்குப் போறது நல்லதா, பழசே போதுமா? வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்?

கல்முனை ஸ்பானர் எழுதியது:

தம்பி, பெற்றோல் கணக்குக்கு முதல் ஆள் கணக்கைப் பாருங்க. ஜப்பான் வேகன் ஆர் 658 சி.சி. கெய் வகுப்பு, அதாவது ஜப்பானில ஆகச் சின்னக் கார் வகுப்பு வண்டி. நாலு பேருக்கு மட்டும் செய்தது. பின் சீற்றில பெல்ற் ரெண்டுதான். அஞ்சாவது ஆளை நடுவில இருத்தினா அவருக்குப் பெல்ற் இல்ல. பிள்ளைகள் சின்னனா இருக்கும்போது சமாளிக்கலாம் என்று வாங்கிப்போட்டு, வளர்ந்த பிறகு வண்டியை மாற்றுறவங்க கனபேர். விற்ஸும் அக்வாவும் அஞ்சு சீற்.

அம்மாவின்ட முழங்காலுக்கு மூன்றிலும் வேகன் ஆர்தான் தோது. அதின்ட உயரம் 1,650 மில்லிமீற்றர் அளவில், விற்ஸ் 1,500, அக்வா 1,445. அக்வாவில இருக்கிறதென்றா கீழ இறங்கிக் குந்தத்தான் வேணும். ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் முன் சீற்றில ஏற்றி இறக்கிப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

பவர் பக்கம்: வேகன் ஆர் 52 குதிரைவலு, விற்ஸ் ஒரு லீற்றர் எஞ்சின் 69, அக்வா எஞ்சினும் மோட்டரும் சேர்ந்து 100. காரைதீவு–அம்பாறை ரோட் வயலுக்கு நடுவால தட்டையாப் போறது, அதில மூன்றும் ஒன்றுதான். மகியங்கனை 18 வளைவில ஏசியும் போட்டு நாலு பேரோட ஏறினா வேகன் ஆர் எஞ்சின் கத்தும்; பழுது இல்ல, அதுக்கு அவ்வளவுதான் பலம். இறங்கும்போது அக்வாவை 'பி' (B, எஞ்சினால வேகத்தைப் பிடிக்கிறது; பார்க்கிங் P இல்ல) கியரில விட்டா பிரேக் சூடாகாது. 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கை மிதிச்சுக்கொண்டு வந்தா, பற்றறி நிறைஞ்ச பிறகு முழுச் சுமையும் பிரேக் பட்டைக்குத்தான் போகும்.

இனி எங்கெங்க பழுது வரும் என்றது.

விற்ஸ் (மொடல் கோட் கே.எஸ்.பி. 130): மூன்று சிலிண்டர் 1கே.ஆர். எஞ்சின், ரைமிங் செயின், பெல்ற் மாற்றுற செலவு இல்ல. ஐட்லிங்கில சின்ன நடுக்கம் இருக்கும், மூன்று சிலிண்டருக்கு அது இயல்பு. கூடுதலா வாற பழுது வோட்டர் பம்ப் கசிவு. பம்ப் பக்கம் ரோர்ச் அடிச்சுப் பாருங்க: ரோஸ் நிறத்தில கூலன்ற் காய்ஞ்ச பொருக்கு இருந்தா பம்ப் போகுது. அதைக் கவனிக்காம ஓடினா தண்ணி குறைஞ்சு, ஹெட் கஸ்கெற்றும் சேர்ந்து போகும். எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20, மூன்று லீற்றருக்குச் சற்று மேல போதும். எங்கட வெக்கைக்கு 20டபிள்யூ-50 நல்லது என்று தடிச்ச ஒயில் ஊத்தினா பெற்றோல்தான் கூடப் போகும்.

சி.வி.ரி. கியர் (பல்லுக்குப் பதிலா பெல்ற்றில ஓடுற ஓட்டோ கியர்) விற்ஸிலும் வேகன் ஆரிலும் இருக்கு. பார்க்கிற முறை: எஞ்சின் நல்லாச் சூடான பிறகு, நிண்ட இடத்திலிருந்து மெதுவா ஆக்சிலரேற்றர் குடுத்து 20–40 வேகத்துக்குள்ள கவனிங்க. வண்டி உதறினா, இழுத்து இழுத்துப் போனா, விடுங்க. ஒயில் மாற்றினா சரியாகும் என்று விற்கிறவர் சொல்லுவார். சிலது சரியாகும், பெல்ற்றோ வால்வு பொடியோ தேய்ஞ்சது ஆகாது. எது என்று வெளியில நிண்டு சொல்ல ஏலாது. வாங்கின பிறகு 40,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா, அந்த மொடலுக்குக் கம்பனி சொன்ன சி.வி.ரி. ஒயிலையே மாற்றுங்க. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊத்திப் பெட்டியைக் கெடுத்த வண்டிகள் எக்கச்சக்கம்.

வேகன் ஆர்: லோவர் ஆம் புஷ், ஷொக் மவுண்ட், எஞ்சின் மவுண்ட். பள்ளத்தில விழும்போது முன்னால 'டக்' என்ற சத்தம். இதெல்லாம் மாற்றக்கூடிய சாமான், விலையில குறைச்சுக் கேட்கலாம். ஐட்லிங் ஸ்டொப் (வண்டி நிண்டா எஞ்சின் தானா அணையிறது) உள்ள வண்டிக்கு அதுக்கென்றே உள்ள 12 வோல்ற் பற்றறிதான் போடணும். விலை குறைஞ்ச சாதாரண பற்றறி போட்டா கெதியில செத்துப்போகும்.

ஹொண்டா ஃபிற் ஹைபிரிட் (மொடல் கோட் ஜி.பி. 5) யாரும் காட்டினா: இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி, 2013இல வந்த கையோட ஜப்பானிலேயே பலமுறை திரும்பக் கூப்பிட்டுத் திருத்தின வண்டி. இடவசதி அருமை, ஆனா கிளச்சும் அக்சுவேற்றரும் போனா இஞ்ச செய்யிற கை குறைவு. உங்கட தேவைக்கு வேணாம்.

என்ட சொல்: நல்ல பொடி (வண்டியின்ட உடல்) உள்ள விற்ஸ்.

வயலோரம் எழுதியது:

ஸ்பானர் அண்ணன் சொன்னதில அக்வா பற்றி எனக்கு வேற கருத்து. மாதம் 1,500 ஓடுற ஆள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஜப்பான் பேப்பரில உள்ள எண்ணை மறந்துபோங்க. ஜே.சி. 08 என்ற ஜப்பான் எரிபொருள் சோதனையில அக்வாவுக்கு லீற்றருக்கு 35க்கு மேல, விற்ஸ் ஒரு லீற்றருக்கு 24 என்று போட்டிருக்கும். அது ஏசி இல்லாம, உருளையில வைச்சு ஓட்டினது. எங்கட ரோட்டில ஏசியோட அக்வா 22, வேகன் ஆர் 18, விற்ஸ் 16 என்று வைங்க. அப்போ மாதம் அக்வாவுக்கு 68 லீற்றர், வேகன் ஆருக்கு 83, விற்ஸுக்கு 94. விற்ஸுக்கும் அக்வாவுக்கும் இடையில 26 லீற்றர். லீற்றரை வட்டமா 300 ரூபா என்று எடுத்தா மாதம் 7,800, வருசம் 93,000க்கு மேல. அஞ்சு வருசம் வைச்சிருந்தா நாலரை லட்சம் தாண்டுது. ஹைபிரிட் பற்றறி ஒருக்கா மாற்றினாலும் கணக்குத் தாங்கும்.

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது முடியிற மட்டும் பள்ளிக்கூட நேரத்தில ஊர்ந்து போறதுதான். அந்த இடத்தில அக்வா எஞ்சின் அணைஞ்சு கிடக்கும். ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில ஓடுறதால குளிரும் குறையாது. வேகன் ஆர் எஞ்சின் அணைஞ்சா கொம்பிரசரும் நிற்கும், உள்ள சேர்ந்த குளிர் கொஞ்ச நேரம்தான்.

கல்முனை ஸ்பானர் எழுதியது:

கணக்குச் சரி, ஆனா ரெண்டு விசயம் அதுக்குள்ள இல்ல. ஒன்று, ஒரே வருச அக்வாவுக்கும் விற்ஸுக்கும் நீங்க பார்க்கிற அண்டு என்ன விலை வித்தியாசம் என்றது. அந்தக் காசுக்கு லீசிங் வட்டி கட்டுறதென்றா மிச்சம் கரையும். ரெண்டு, காரைதீவு தாண்டினா அம்பாறை மட்டும் ஒரே வேகத்தில ஓட்டம். ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறது நிண்டு நிண்டு போற இடத்தில. நேர் ரோட்டில வித்தியாசம் சுருங்கும். தம்பியின்ட பாதையில பாதிக்கு மேல நேர் ரோட்.

அக்வாதான் என்றா பற்றறியை இப்படிப் பாருங்க. பின் சீற்றுக்குக் கீழ 144 வோல்ற் நிக்கல் பற்றறி, 20 மொடியூல். அதைக் குளிராக்கிற காற்று காருக்குள்ள இருந்துதான் போகும், துவாரம் பின் சீற்றடியில. கடற்கரை மணல், புழுதி, சாமான் பை எல்லாம் அந்த இடத்தைத்தான் அடைக்கிறது. காற்றுக் குறைஞ்சா பற்றறி சூடாகும், நடுவில உள்ள மொடியூல் முதல் போகும். ஸ்கானர் போட்டு, ஓடும்போது ஒவ்வொரு புளொக் (மொடியூல் தொகுதி) வோல்ற்றையும் பார்க்கணும். நிண்ட வண்டியில எல்லாம் ஒண்டாத்தான் காட்டும். ஆக்சிலரேற்றரை அமத்தும்போது ஒரு புளொக் மட்டும் மற்றதை விடச் சட்டென்று இறங்கினா அதுதான் நோயாளி. பி0ஏ80 (P0A80, ஹைபிரிட் பற்றறி பழுது என்ற கோட்) அழிச்சு விற்கிறதும் நடக்கும். அதால ஸ்கானரோட அரை மணித்தியாலமாவது ஓடிப் பாருங்க.

செத்த மொடியூலை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்ட பற்றறி மலிவு. பழசும் புதுசும் கலந்தா சார்ஜ் சமமா ஏறாது, அடுத்த பழசு போகும். முழு பற்றறி மாற்றினதென்றா பில்லைக் கேளுங்க.

பிரேக்கும் பாருங்க: டாஷில 'ரெடி' வந்த பிறகு காலை எடுத்துப்போட்டுச் சும்மா இருங்க. பிரேக் பம்ப் சில செக்கனுக்கு ஒருக்கா 'ஊம்' என்று ஓடிக்கொண்டே இருந்தா உள்ளுக்குள்ள அழுத்தம் கசியுது. அது பெரிய செலவு.

ஒலுவில் உப்பு எழுதியது:

எல்லாரும் எஞ்சினையும் பற்றறியையும் பேசுறீங்க. கல்லடியிலிருந்து பொத்துவில் மட்டும் ஓடின வண்டியில முதல் சாகிறது பொடி. எஞ்சின் மாற்றலாம், துருப்பிடிச்ச பொடியை மாற்ற ஏலாது.

ஜக்கில தூக்கிப் பார்க்காம கடற்கரை வண்டி வாங்காதீங்க. பின் வீல் ஆர்ச்சின்ட உள் விளிம்பை விரலால தடவுங்க. கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பொடி விளிம்பை (சில்) ஸ்குறூட்றைவர் பிடியால தட்டுங்க; இரும்பு 'டங்' என்று கேட்கும், புட்டி அப்பினது மந்தமாக் கேட்கும். பின் அச்சு, பிரேக் குழாய், சைலன்சர் மூட்டு, ஸ்பெயார் வீல் குழி. முன்னால ஏசி கொண்டென்சர் தகடு கையால தொட்டா உதிருதா என்று பாருங்க. கீழ முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருந்தா அது பாதுகாப்பா, மறைப்பா என்று தெரியாது. ஒரு இடத்தில சுரண்டிப் பார்க்க விடச்சொல்லுங்க. விடாட்டி விலகுங்க.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பரில எங்கட ரெண்டு மாவட்டமும் தண்ணிக்குள்ள கிடந்தது. 2025 நவம்பர் டித்வா புயலில நாட்டின்ட பல பக்கத்திலும் வண்டிகள் மூழ்கின. கழுவி, சீற் துணி மாற்றி, விற்பனைக்கு வரும். சீற் பெல்ற்றை முழுசா இழுத்து அடியைப் பாருங்க, சேற்றுக் கோடு அங்க நிற்கும். கார்ப்பெற்றுக்குக் கீழ கை விடுங்க. சீற் தண்டவாள நட்டில துரு, டாஷ் அடியில வயர் கனெக்டரில பச்சை பூத்தது, ஹெட்லைற்றுக்குள்ள நீர்க்கோடு. அக்வா பற்றறி பின் சீற்றடியில, வேகன் ஆரின்ட சின்ன லித்தியம் பற்றறி முன் பக்கச் சீற்றடியில. ரெண்டும் தண்ணி முதல் போற உயரம். மூழ்கின ஹைபிரிட்டை எந்த விலைக்கும் எடுக்காதீங்க.

எயார்பேக்கும் கட்டாயம். டகாட்டா கம்பனி செய்த எயார்பேக் ஊதுகுப்பிக்குள்ள இருக்கிற அமோனியம் நைத்திரேற்று வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டாச் சிதறும். எங்கட காலநிலை அதுக்கு மிக மோசமான இடம். பழைய விற்ஸும் ஃபிற்றும் அந்தத் திரும்பப்பெறலில இருந்தவை. சேசிஸ் நம்பரைக் குடுத்தா அந்த வண்டிக்கு வேலை நிலுவையா, முடிஞ்சதா என்று தயாரிப்பாளரின்ட ஜப்பான் தளத்தில பார்க்கலாம். குடும்பத்தை ஏற்றுற வண்டி, இதைத் தள்ளிப்போடாதீங்க.

பட்டிருப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆள் கணக்கில வேகன் ஆர் விழுந்துட்டு. அக்வாவில அம்மாவை ஏற்றிப் பார்த்தோம், இறங்கக் கஷ்டப்பட்டா. இப்ப ஒரு விற்ஸ் இருக்கு. வண்டி சுத்தம், ஆனா ஓபன் பேப்பராம், அதாவது விற்கிறவர் தன்ட பேருக்கு மாற்றாம வைச்சிருக்கிறது; சி.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) இன்னொரு ஆளின்ட பேரில. ஜப்பான் ஏலத் தாள் (ஏலத்தில வண்டியைப் பார்த்துத் தரம் போட்ட தாள்) 4 கிரேட் என்று போட்டோ அனுப்பினாங்க. புதுசு பற்றியும் ஒருத்தரும் சொல்லல்ல.

வயலோரம் எழுதியது:

அம்மாவின்ட முழங்கால்தான் பெரிசு, அப்போ அக்வாவை நானும் விடுறேன்.

புதுசு: 2020 மார்ச்சில நிண்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரி 1இல திறந்தது உண்மை, ஆனா வரியோட சேர்த்து வாற விலையில, மாதம் 1,500 கிலோமீற்றர் ஓட்டத்தில மிச்சமாகிற பெற்றோல் லீசிங் வட்டிக்கே காணாது. பழசே எடுங்க.

ஓபன் பேப்பருக்கு முழுக் காசு குடுக்காதீங்க. சி.ஆரில பேர் உள்ளவர் நேரில வந்து, அடையாள அட்டையைக் காட்டி, உரிமை மாற்றப் படிவத்தில உங்களுக்கு முன்னால கையொப்பம் வைக்கணும். அவர் வெளிநாட்டில, அல்லது மௌத்து என்றா பேர் மாற்றம் வருசக்கணக்கில இழுபடும். சி.ஆரில லீசிங் கம்பனி முழு உரிமையாளரா நிற்குதா என்று பாருங்க. நிண்டா, கடன் தீர்ந்த கடிதமும் கம்பனி தன்ட பேரை நீக்கினதும் வேணும். சேசிஸ், எஞ்சின் நம்பர் ரெண்டையும் வண்டியிலேயே பார்த்து சி.ஆரோட ஒப்பிடுங்க, போட்டோவில இல்ல. வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூன்றின்ட திகதியும் பாருங்க.

ஏலத் தாளை விற்கிறவர் அனுப்பின போட்டோவா நம்பாதீங்க. சேசிஸ் நம்பரைக் குடுத்து நீங்களே காசு கட்டி எடுங்க. 4 என்றதை 'ஆர்' என்றதிலிருந்து திருத்துறது லேசு. 'ஆர்' என்றா அடிபட்டுத் திருத்தின வண்டி. தாளில உள்ள கிலோமீற்றரையும் இப்ப மீற்றரில உள்ளதையும், ஸ்டியரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர் தேய்வையும் சேர்த்துப் பாருங்க.

கல்முனை ஸ்பானர் எழுதியது:

காலையில, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்க தம்பி. விற்கிறவர் முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருந்தா, இன்னொரு நாள் வாறம் என்று சொல்லிட்டு வந்திருங்க. குளிர்ந்த ஸ்டார்ட்டில செயின் சத்தம், புகை, ஐட்லிங் மூன்றும் தெரியும்.

பெற்றோல் ஓட்டத்தை மீற்றர் காட்டுற எண்ணில எடுக்காதீங்க. வாங்கின பிறகு ஒரே பெற்றோல் செட்டில, ஒரே பம்பில, முதல் 'கிளிக்'கோட நிப்பாட்டி அடிங்க. ட்ரிப்பைப் பூச்சியமாக்கி 300 கிலோமீற்றருக்கு மேல ஓடி, திரும்ப முதல் கிளிக் மட்டும் அடிச்சு, ஓடின தூரத்தை லீற்றரால பிரிங்க. 13க்குக் கீழ வந்தா முதல்ல ரயர்க் காற்று (கதவோரத்து ஸ்டிக்கரில உள்ள அளவு), எயார் ஃபில்ரர், பிளக், பிரேக் பிடிச்சுக்கொண்டு நிற்குதா என்று இந்த ஒழுங்கில பாருங்க. ஓடி நிப்பாட்டினதும் நாலு வீலுக்கும் கிட்டக் கை கொண்டுபோனா, ஒன்று மட்டும் சுட்டா அந்தப் பிரேக் விடல்ல.

சனிக்கிழமை காலம்பற கல்முனைப் பக்கம் கொண்டுவாறதென்றா முதல் நாள் இஞ்ச எழுதுங்க, ஸ்கானரோட நிற்கிறேன்.