புதுப்பிப்பு: ஜெப நேரத்தில் இருந்த வறட்சி, எது உதவியது

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டத்தில் தினம் 3, 4 அதிகாரம் ஓடுகிறது, ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் அதிகாலையில் எழுந்து பார்த்தேன். நேரம் கூடியது, வறட்சி போகவில்லை. ஜெபக் குறிப்பேடும் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது.

உதவியது, வேதாகமத்தில் உள்ள சங்கீதம் என்ற பாடல் தொகுப்பையே ஜெபமாக்கச் சொன்ன யோசனை. தேதியை எடுத்து முப்பது முப்பதாகக் கூட்ட வேண்டும். 5ஆம் தேதி என்றால் 5, 35, 65, 95, 125ஆம் சங்கீதங்கள். ஐந்தையும் மேலோட்டமாகப் பார்த்து, மனதைத் தொடுகிற ஒன்றை மட்டும் வாய்விட்டு, வசனம் வசனமாகத் தேவனிடம் சொல்ல வேண்டும். முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று வரும் எபிரெயச் சொல்லுக்கு மெல்ல முணுமுணுப்பது என்ற பொருளும் உண்டு. அதனால் வாய்விட்டுச் சொல்வது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

எதிர்பாராதது 28ஆம் தேதி நடந்தது. 88ஆம் சங்கீதம், ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறது. முடிவில்கூடத் துதி இல்லை. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. எனக்குள் அடைத்திருந்த வார்த்தைகள் அவைதான். அப்புறம் அதே நாளுக்குரிய 148இல் சூரியனும் சந்திரனும் துதிக்கின்றன. அன்று அதை என்னால் சொல்ல முடியவில்லை, சும்மா வாசித்தேன்.

29ஆம் தேதி 119 வரும், 176 வசனம். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளி, எட்டு வசனப் பகுதி ஒன்றை மட்டும் எடுங்கள்.