இந்தக் கோடையில் உங்களைப் பிடித்துக்கொண்ட ராக், ஆல்டர்நேடிவ் ஆல்பம் எது?

கம்பிஅதிர்வு:

நண்பர்களுக்கு வணக்கம். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தது, அப்புறம் கத்திரி வெயில், வெளியே தலைகாட்ட முடியாது, அதனால் விடுமுறை முழுக்க ஹெட்ஃபோனோடு வீட்டில்தான். ராக் எனக்குப் புதிது இல்லை, ஆனால் இதுவரை கேட்டதெல்லாம் உதிரிப் பாட்டுகள். இந்தக் கோடையில்தான் முழு ஆல்பங்களாக உட்கார்ந்து கேட்டேன். அதுவும் பேண்டின் பெயரைப் பார்த்துத் தேடவில்லை, பதிவு செய்தவரின் பெயரைப் பார்த்துத் தேடினேன். ஸ்டீவ் ஆல்பினி.

ஆரம்பித்து வைத்தது நிர்வானாவின் 'இன் யூட்டெரோ' (1993). அதற்கு முந்தைய ஆல்பம் 'நெவர்மைண்ட்' பலரையும் போல எனக்கும் மனப்பாடம். கிடார் மேல் கிடாராக அடுக்கி, எல்லாம் பளபளவென்று இருக்கும். 'இன் யூட்டெரோ' அப்படி இல்லை. குச்சியைத் தட்டி எண்ணும் சத்தம், உடனே கோணலாக ஒரு கார்ட், அதன் பிறகு டேவ் க்ரோல் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து அடிக்கிறார். ட்ரம்ஸ் மட்டும் கேட்பதில்லை, அது இருக்கும் அறையும் சேர்ந்து கேட்கிறது. யார் இதைச் செய்தது என்று தேடிப் படித்ததில்தான் ஆல்பினி வந்தார். மினசோட்டாவில் பேக்கிடெர்ம் என்ற ஸ்டுடியோ, 1993 பிப்ரவரி, சுமார் இரண்டு வாரத்தில் பதிவும் மிக்ஸும் (தனித்தனிப் பதிவுகளைச் சமன் செய்து சேர்ப்பது) முடிந்துவிட்டது. வேலைக்கு முன்பே பேண்டுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கு ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள், பாட்டு உங்களுடையது என்று. கடைசியில் 1 லட்சம் டாலர் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். அத்தனை லட்சம் பிரதி விற்ற பேண்டின் அடுத்த ஆல்பம் அது, பங்கு கேட்டிருந்தால் காலம் முழுக்கப் பணம் வந்துகொண்டே இருந்திருக்கும். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது, அவர் பதிவு செய்த விதமும் இந்த மனசிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து பின்னால் போனேன். பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' (1988). பேஸ் வாசித்துப் பாடும் கிம் டீலின் குரலுக்கு எதிரொலி வேண்டும் என்று மெஷினைத் தொடாமல் ஸ்டுடியோவின் பாத்ரூமுக்குள் நிறுத்திப் பாட வைத்திருக்கிறார். 'ஜைஜான்டிக்' பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், குரல் சுவரில் பட்டுத் திரும்புவது தெரியும். பேண்டு ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார். அப்புறம் பீ.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' (1993), அதே பேக்கிடெர்மில், நிர்வானா வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பதிவானது.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து வைத்தது ஜேசன் மொலினாவின் 'மக்னோலியா எலக்ட்ரிக் கோ' (2003). இது சிகாகோவில் ஆல்பினியே கட்டிய எலக்ட்ரிகல் ஆடியோ ஸ்டுடியோவில் எடுத்தது. முதல் பாட்டு 'ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்', 7 நிமிடத்துக்கு மேல். அறை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றாக வாசித்திருக்கிறார்கள், யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்பதே கேட்கச் சுகம். பின்னால் லேப் ஸ்டீல் கிடார் (மடியில் கிடத்தி வாசிப்பது) இழுத்துக்கொண்டே போகிறது, மொலினாவின் குரல் உடையும் இடத்தில் உடைகிறது, யாரும் அதை மறுபடி பாடச் சொல்லிச் சரி செய்யவில்லை. மொலினா 2013ல் 39 வயதில் குடியால் இறந்துபோனார் என்று தெரிந்த பிறகு கேட்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விட முடியவில்லை.

சரி, உங்களுக்கு இந்தக் கோடையில் என்ன கிடைத்தது? முழு ஆல்பமாகச் சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்றும் இரண்டு வரி. பழசோ புதுசோ பரவாயில்லை.

தாளக்குச்சி:

அருமையான பதிவு தம்பி. நான் கல்லூரி நாட்களில் ட்ரம்ஸ் வாசித்தவன், அதனால் அந்த 'அறையும் சேர்ந்து கேட்கிறது' என்ற இடத்தைக் கொஞ்சம் விளக்கட்டுமா? வழக்கமாக ட்ரம்ஸுக்கு மைக்குகளைத் தோலுக்குக் கிட்டே வைப்பார்கள். ஆல்பினி அதையும் வைப்பார், கூடவே தூரத்தில் தரையிலும் மைக் வைப்பார். அந்தத் தூரத்து மைக்கின் சத்தத்தை சில மில்லி நொடி தாமதப்படுத்திச் சேர்ப்பார். காதுக்கு அறை இன்னும் பெரிதாகத் தோன்றும், ஆனால் அடியின் கூர்மை போகாது. அவருடைய ஸ்டுடியோ சுவர்களே நியூ மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மண் செங்கல்லால் கட்டியவை. மொத்த வேலையும் டேப்பில்தான், கடைசி வரை.

சத்தமான ஆல்பங்களாகவே போகிறீர்கள், அதனால் அவர் எடுத்த அமைதியான ஒன்று சொல்கிறேன். லோ பேண்டின் 'திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்' (2001). மினசோட்டாவின் டுலூத் ஊரைச் சேர்ந்த கணவன் மனைவி, ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர். மிமி நின்றபடி வாசிப்பார், மொத்தமே ஒரு ஸ்னேர், ஒரு டாம், ஒரு சிம்பல் அளவுதான், பெரும்பாலும் பிரஷ். நான் வாசித்த காலத்தில் ரோல் அடிப்பதுதான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இருந்தேன், இவர் இரண்டு அடிக்கு நடுவில் விடும் இடைவெளியைக் கேட்டால் தாளம் என்பதையே வேறு மாதிரி யோசிக்கத் தோன்றும். இருவர் குரலும் சேரும்போது எது யாருடையது என்று பிரிக்க முடியாது. மிமி 2022 நவம்பரில் புற்றுநோயால் காலமானார். பேண்டும் அதோடு நின்றுவிட்டது.

மூடுபனி:

நான் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறேன் ப்ரோ. மை ப்ளடி வேலன்டைன், 'லவ்லெஸ்' (1991). இதில் அறையே கிடையாது. பேண்டின் கிடார்க்காரர் கெவின் ஷீல்ட்ஸ் இரண்டு வருஷத்துக்கு மேல், 19 ஸ்டுடியோ மாறி மாறிச் செய்தது. கிடாரின் ட்ரெமொலோ கைப்பிடியை (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) கையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்ட்ரம் பண்ணுவார், அதனால் ஒவ்வொரு கார்டும் சுருதியில் லேசாக வழுக்கிக்கொண்டே இருக்கும். ட்ரம்மருக்கு உடம்பு சரியில்லாததால் பெரும்பாலான ட்ரம்ஸ் அவர் வாசித்ததை சாம்பிள் எடுத்துக் கோத்தது. பாடகி பிலின்டா பட்சரின் குரல் கிடாருக்கு அடியில் புதைந்து கிடக்கும், வரி புரியாது, புரியவும் வேண்டாம்.

முதல் தடவை கேட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று தோன்றும். விடாமல் கேளுங்கள். 'சம்டைம்ஸ்' பாட்டில் சலசலவென்ற அந்த இரைச்சலுக்கு அடியில் மிக எளிமையான, தாலாட்டு போன்ற ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அது காதில் விழுந்த நாளிலிருந்து நான் வேறு எதுவும் போடவில்லை. இரண்டு வாரத்தில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததுதான் உண்மையான இசை என்று கம்பிஅதிர்வு சொல்லவில்லை, ஆனால் படிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு வருஷம் ஒரு சத்தத்தின் பின்னாலேயே அலைந்ததும் நேர்மைதான்.

கடைசிபெஞ்ச்:

மூடுபனி சொன்னதோடு உடன்படுகிறேன். ஆல்பினி பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், மறைக்கக் கூடாது. 80களில் அவர் எழுதியது, பாடியது, தன் பேண்டு ஒன்றுக்கு வைத்த பெயர், இதெல்லாம் பாலியல் வன்முறையை விளையாட்டாக எடுத்தவை. 2021ல் அவரே வெளிப்படையாகப் பொறுப்பேற்றார், சாக்குச் சொல்லவில்லை. அவர் பதிவு செய்தவற்றைக் கேட்கும் எனக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2024 மே மாதம் மாரடைப்பால் இறந்தார், 61 வயது. அவருடைய ஷெல்லக் பேண்டின் கடைசி ஆல்பம் 'டு ஆல் ட்ரெயின்ஸ்' அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது.

அப்புறம் 'ரிட் ஆஃப் மீ' எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. தொடக்கம் அவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று வால்யூமை ஏற்றினால், பேண்டு மொத்தமும் இறங்கும்போது காது கிழிகிறது. பஸ்ஸில் கேட்கிற ஆல்பம் இல்லை.

என் கோடை ஆல்பம் டாக் டாக்கின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988). 84ல் ஹிட் பாப் பாட்டுகள் கொடுத்த பேண்டு இது. கம்பெனி அதே மாதிரி இன்னொன்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க, பாடகர் மார்க் ஹாலிஸ் லண்டனில் ஸ்டுடியோவை இருட்டாக்கி, ஆயில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வாத்தியக்காரராக வரவழைத்து மனம் போனபடி வாசிக்கச் சொல்லி, அதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சில நொடிகளை மட்டும் வைத்துக் கட்டினார்கள். முதல் மூன்று பாட்டும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக ஓடும். அதில் 'டிசையர்' பாட்டை மட்டும் சொல்கிறேன்: ஆர்கன் மூச்சு விடுவதுபோல் மெல்லக் கிடக்கும், ஹாலிஸ் முனகுவார், திடீரென்று ட்ரம்ஸும் கிடாரும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். அது திரும்ப வருமா வராதா என்று காத்திருப்பதில் பாட்டே முடிந்துவிடும். இதை ராக் என்று சொல்வீர்களா என்று சிலர் கேட்பார்கள். சொல்வேன்.

ராத்திரிரயில்:

இங்கே யாரும் சொல்லாததால் நான்: ஜெஃப் பக்லி, 'கிரேஸ்' (1994). உயிரோடு இருந்தபோது அவர் முடித்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம். 1997 மே மாதம் மெம்ஃபிஸில் ஆற்றில் நீந்தப் போனவர் மூழ்கி இறந்தார், 30 வயதுதான். தயாரித்தது ஆண்டி வாலஸ், அதாவது 'நெவர்மைண்ட்' மிக்ஸ் செய்தவர். கம்பிஅதிர்வு பளபளப்பு என்று ஒதுக்கிய கை அதேதான், இந்தக் குரலுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க் காதுக்கு இந்த ஆல்பம் சுலபமாகப் பிடிபடும், அதற்குக் காரணம் உண்டு. பக்லிக்கு பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் என்றால் உயிர். நியூயார்க்கில் சின்-ஏ என்ற சின்னக் கஃபேயில் தனியாக எலக்ட்ரிக் கிடாரோடு பாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே நுஸ்ரத்தின் கவ்வாலியை உருதுவில் பாடியிருக்கிறார், அந்தப் பதிவு 'லைவ் அட் சின்-ஏ' ஆல்பத்தின் விரிவான பதிப்பில் இருக்கிறது. ரஹ்மானின் 'வந்தே மாதரம்' வழியாக நுஸ்ரத்தை அறிந்தவர்களுக்கு அது நல்ல கதவு. 'கிரேஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ட்ரீம் பிரதர்'. அதில் தபலாவே வருகிறது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து மேலே ஏறும் அந்த முறையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அங்கே புரியும். நான் மொட்டை மாடியில் ராத்திரி கேட்பேன், பகல் வெயிலில் இது எடுபடாது.

முரசுத்தோல்:

எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்து என்றே போகிறீர்களே. பக்கத்து வீட்டையும் பாருங்கள். 'அவியல்' (2008), பேண்டின் பெயரும் அதே, மலையாளம். 'ஆல்டர்நேடிவ்' என்ற வார்த்தைக்குத் தென்னிந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஆல்பம் எனக்குத் தெரியவில்லை. ரெக்ஸ் விஜயன் கிடார். நாட்டுப்புற மெட்டு, கனமான ரிஃப், நடுவில் எலக்ட்ரானிக் சத்தங்கள், எதுவும் ஒட்டுப் போட்டது மாதிரி துருத்தாது. 'நட நட' பலர் கேட்டிருப்பீர்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். 'ஆடு பாம்பே' கேளுங்கள். நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் உடனே ஞாபகம் வருவார், கேரளத்தின் நாராயண குருவும் அதே பாம்பை அழைத்துக் குண்டலினிப் பாட்டு எழுதியிருக்கிறார். சித்தர் பாட்டுக்கு டிஸ்டார்ஷன் கிடார் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தமிழில் இதுபோல ஒரு முழு ஆல்பம், சினிமாவுக்கு வெளியே, யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். உண்மையாகவே தேடிக்கொண்டிருக்கிறேன்.

கம்பிஅதிர்வு:

எல்லோருக்கும் நன்றி. லோ ஆல்பத்தை நேற்று ராத்திரியே கேட்டுவிட்டேன், தாளக்குச்சி அண்ணா, நீங்கள் சொன்ன அந்த இடைவெளி 'சன்ஃப்ளவர்' பாட்டிலேயே பிடிபட்டது. 'லவ்லெஸ்' இன்னும் எனக்குள் இறங்கவில்லை, விடமாட்டேன். கடைசிபெஞ்ச், 2021 விஷயம் எனக்குத் தெரியாது, படித்தேன், சொன்னது நல்லது. ஆனால் 'ரிட் ஆஃப் மீ' விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்தக் காது கிழிவதுதான் பாட்டே. பஸ்ஸில் கேட்காதீர்கள், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.

ஒரு சந்தேகம். 'இன் யூட்டெரோ' பல பதிப்புகள் இருக்கின்றன, ஆல்பினியின் சொந்த மிக்ஸ் என்று ஒன்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

தாளக்குச்சி:

93ல் வந்ததில் 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் ஸ்காட் லிட் என்ற தயாரிப்பாளர் மறுபடி மிக்ஸ் செய்தார், குரல் முன்னால் வர வேண்டும் என்று. மாஸ்டரிங்கிலும் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) கொஞ்சம் மாற்றினார்கள். 20 வருஷம் கழித்து 2013ல் வந்த பெரிய பதிப்பில் அந்த இரண்டு பாட்டுக்கும் ஆல்பினியின் பழைய மிக்ஸும் இருக்கிறது, மொத்த ஆல்பத்துக்கும் அவர் புதிதாகச் செய்த 2013 மிக்ஸும் இருக்கிறது. முதலில் 93 பதிப்பையே நன்றாகக் கேட்டுப் பழகுங்கள். அப்புறம் 'ஆல் அபாலஜீஸ்' இரண்டு மிக்ஸையும் அடுத்தடுத்துப் போட்டு செல்லோவை மட்டும் கவனியுங்கள். எது பிடித்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.